ஜப்பான் வீடுகள்ல வெறும் வெள்ளைச் சோறை வெச்சு என்னெல்லாம் பண்ணுவாங்க?

குழம்பு, ரசம் எதுவும் இல்லாம வெறும் சோத்தை தினமும் எப்படித்தான் சாப்பிடுறாங்கன்னு கேட்டிருக்கீங்க. நான் குடும்பத்தோட யோகோஹாமால இருக்கேன், இங்க பக்கத்து வீட்டு அம்மாகிட்ட பார்த்துப் பார்த்து கத்துக்கிட்டதுதான் பாதி, அதனால வீட்டுல நடக்கறதை மட்டும் சொல்றேன். இங்க சோத்துல உப்பு போட மாட்டாங்க, எண்ணெய் விட மாட்டாங்க, கஞ்சியும் வடிக்க மாட்டாங்க. சோறு இப்போ சூடா இருக்கா, ஆறிடுச்சா, இல்ல நேத்து மிஞ்சினதா, அதைப் பார்த்துத்தான் என்ன பண்றதுன்னே முடிவு பண்ணுவாங்க.

அரிசி மட்டும் குட்டை ரகமா இருக்கணும், கோஷிஹிகாரி, அகிதகோமாச்சி மாதிரி. நல்லா கழுவி அரை மணி நேரம் ஊற வெச்சு, 180 மில்லி கப்புக்கு சுமார் 200 மில்லி தண்ணி. வெந்ததும் பத்து நிமிஷம் அப்படியே விட்டு, அடியிலேர்ந்து மசியாம கிளறி விட்டுடுங்க.

சூடா இருந்தா முதல் வேலை ஓனிகிரிதான், அதாவது கையால பிடிக்கற சோத்து உருண்டை. கையை தண்ணில நனைச்சு, கொஞ்சம் உப்பை எடுத்து ரெண்டு உள்ளங்கையிலயும் தேய்ச்சுக்கணும், சோத்துக்கு உப்பு அந்தக் கையிலேர்ந்துதான் வரும். நடுவுல குழி பண்ணி உமேபோஷி வைப்பாங்க, அது உப்புல ஊற வெச்சு காய வெச்ச பயங்கர புளிப்பான காய், இல்லன்னா சுட்டு உதிர்த்த சால்மன், இல்ல மயோனைஸ் கலந்த டூனா. அப்புறம் கீழ் கையை தட்டையா வெச்சு மேல் கையை கூரை மாதிரி மடக்கி, திருப்பித் திருப்பி மூணு நாலு தடவை லேசா அமுக்கினா முக்கோணம் வந்துடும். ஓங்கி அமுக்கவே கூடாது, வெளியில பிடிச்சு நிக்கணும், ஆனா கடிச்சதும் உள்ள பருக்கை பருக்கையா உதிரணும், அதுதான் நல்ல ஓனிகிரி. பாஸ்மதில இது நிக்காது, அந்த ஒட்டுற மாவுச்சத்து அதுல கம்மி.

சுடுசோத்துல பச்சை முட்டையை உடைச்சு ஊத்தி சோயா சாஸ் விட்டு கலக்கி சாப்பிடறதும் காலைல ரொம்ப சகஜம். இங்க முட்டை டப்பால போடற தேதியே பச்சையா சாப்பிடறதுக்கான கெடுதான். நம்ம ஊர் முட்டைல தயவுசெஞ்சு இதை பண்ணாதீங்க.

மிஞ்சினதை ஃப்ரிட்ஜ்ல வெக்க மாட்டாங்க, விறைச்சுப் போயிடும். சூட்டோடவே ஆவி உள்ள நிக்கற மாதிரி பிளாஸ்டிக் ராப்ல தட்டையா மடிச்சு, ஆறினதும் ஃப்ரீசர்ல போட்டுடுவாங்க, மைக்ரோவேவ்ல வெச்சா இப்போ வடிச்ச சோறு மாதிரியே வரும். நான் இப்போ ஊருக்கு போன் பண்ணாலும் எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்றேன்.

ராத்திரி லேட்டா பசிச்சா ஓச்சாஸுகே: கிண்ணத்துல சோறு, மேல உமேபோஷியோ மீனோ, சுடச்சுட கிரீன் டீயை ஊத்தி சாப்பிடறது. 1952லேர்ந்து இதுக்குன்னே நாகாதானியென்ங்கற கம்பெனியோட பாக்கெட் பொடி வருது, நிறைய வீட்டு அலமாரில அது இருக்கும்.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது ஸோசுய். குளிர்காலத்துல எல்லாரும் ஒரே சட்டியைச் சுத்தி உக்காந்து கோழி, முட்டைக்கோஸ், காளான், தோஃபு எல்லாம் கொதிக்க வெச்சு சாப்பிடுவாங்க, கடைசில அடியில நிக்கற சாறு இருக்கே, அத்தனை ருசியும் அதுலதான். ஆறின சோத்தை சல்லடைல போட்டு தண்ணி விட்டு அலசி, பசை போனதும் அந்தச் சாறுல போட்டு கொஞ்ச நேரம் கொதிக்க விடுவாங்க. அடிச்ச முட்டையை மெல்லிசா சுத்தி ஊத்தி உடனே அடுப்பை அணைச்சு மூடி, ஒரு நிமிஷம் கழிச்சு திறந்து வெங்காயத்தாள் தூவுவாங்க. அலசாம போட்டா கூழாயிடும், அந்த ஒரு ஸ்டெப்பை விடாதீங்க.

அப்புறம் ஃப்ரைட் ரைஸ், கெச்சப்ல பொரட்டி ஆம்லெட்ல சுத்தற ஓமுரைஸ் எல்லாம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். தோரியா மட்டும் இன்னும் ஒண்ணு, சோத்து மேல ஒயிட் சாஸும் சீஸும் போட்டு ஓவன்ல வெக்கறது. பேரு ஐரோப்பாப் பேரா இருந்தாலும் எங்க யோகோஹாமால 1927ல திறந்த ஹோட்டல் நியூ கிராண்ட்ல, சாலி வைல்ங்கற சுவிட்சர்லாந்து செஃப் உடம்பு சரியில்லாத ஒரு விருந்தாளிக்காக செஞ்சது. மிஞ்சின ஸ்டியூ இருந்தா ஒயிட் சாஸுக்கு பதிலா அதையே ஊத்திடலாம், பசங்க இருக்கற வீட்டுல முதல்ல இதை ட்ரை பண்ணுங்க.