தொடக்ககால அமெரிக்கச் செப்புக்காசுகளும் அவை கைமாறி வந்த வழியும்: கேள்வி பதில்

கேள்வி: தொடக்ககால அமெரிக்கச் செப்புக்காசுகள் என்று எவற்றைக் குறிப்பிடுகிறார்கள்? புதிதாகச் சேகரிக்க வருபவர் எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: 1793 முதல் 1857 வரை பிலடெல்பியா நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட பெரிய சென்ட்டுகளும் அரை சென்ட்டுகளும் இதில் முதன்மையானவை. அதற்கு முந்தைய நியூஜெர்சி, கனெக்டிகட், வெர்மான்ட், மாசசூசெட்ஸ் காசுகளையும் 1787ஆம் ஆண்டின் ஃபியூஜியோ சென்ட்டையும் பலர் இவற்றோடு சேர்த்தே பார்க்கிறார்கள். 1816க்குப் பிந்தைய பெரிய சென்ட்டுகள் நிறையவே கிடைப்பதால், கண்ணைப் பழக்கிக்கொள்ள அவையே ஏற்றவை. 1815 என்று ஆண்டு பொறித்த சென்ட்டை யாராவது காட்டினால் வாங்க வேண்டாம். 1812இல் தொடங்கிய போரால் இங்கிலாந்திலிருந்து செப்பு வில்லைகள், அதாவது உருப் பொறிக்காத வெறும் வட்டத் தகடுகள், வருவது தடைபட்டதால், அந்த ஆண்டைத் தாங்கிய சென்ட் அடிக்கப்படவே இல்லை.

கேள்வி: காசு அசலாகவும் நல்ல நிலையிலும் இருந்தால் போதாதா? முன்பு யாரிடம் இருந்தது என்பதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

பதில்: அசல் என்ற முடிவையே பல நேரங்களில் அந்த வரலாறுதான் உறுதிப்படுத்துகிறது. நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஏல அட்டவணையின் படத்தில் இருக்கும் காசு, அண்மைக் காலத்துப் போலியாக இருக்க முடியாது. ஆனால் என் பார்வையில் அதைவிடப் பெரிய காரணம் உரிமை. வில்லியம் ஷெல்டன் என்ற பெயரை இத்துறையில் அறியாதவர் இல்லை. 1794ஆம் ஆண்டுச் சென்ட்டுகளின் விலை வேறுபாடுகளை அடிப்படையாகக் கொண்டு அவர் 1949இல் வெளியிட்ட எழுபது புள்ளித் தர அளவுகோலைத்தான் இன்று அமெரிக்க நாணயங்கள் அனைத்திற்கும் பயன்படுத்துகிறோம். அதே ஷெல்டன், ஜார்ஜ் கிளாப் என்ற சேகரிப்பாளர் நன்கொடையாக அளித்து நியூயார்க்கில் அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் காப்பில் இருந்த சிறந்த சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையைச் சேர்ந்த, அதாவது அதே அச்சுகளில் அடித்த, தாழ்ந்த காசுகளை அவற்றின் இடத்தில் வைத்துவிட்டார் என்பது அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, பழைய ஒளிப்படங்களை ஒப்பிட்டபோது தெரியவந்தது. எண்ணிக்கை குறையாததால் இழப்பு எளிதில் வெளிப்படவில்லை. அவரிடமிருந்து நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவர் தொடர்ந்த வழக்கில், 1996இல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம், திருட்டுப்போன பொருள் யாரிடம் இருக்கிறது என்று உரிமையாளர் கண்டறியும்வரை வழக்குத் தொடுக்க அவருக்கான காலவரம்பு தொடங்குவதில்லை என்று சங்கத்தின் பக்கம் நின்றது. ஆகவே நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும், அடுத்தவர் காசு உங்கள் காசாகிவிடாது.

கேள்வி: தரநிர்ணய நிறுவனத்தின் பிளாஸ்டிக் உறையிலேயே முந்தைய உரிமையாளர் பெயர்கள் அச்சிடப்பட்டுள்ளன. அதை நம்பலாமா?

பதில்: அதைத் தேடலுக்கான தொடக்கமாகக் கொள்ளுங்கள், முடிவாகக் கொள்ள வேண்டாம். அட்டவணைப் படத்தோடு காசை நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்போது புதியவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தைப் பார்க்கிறார்கள். காசை அடிக்கும் அச்சில் விழுந்த விரிசல் அந்த அச்சின் பிற்காலக் காசுகள் எல்லாவற்றிலும் தெரியும் என்பதால், அது ஒத்துப்போனால் வகை ஒன்று என்றுதான் பொருளே தவிர, காசு ஒன்று என்று பொருளல்ல. வில்லையில் அடிப்பதற்கு முன்பே இருந்த பிளவு, உரு நடுவிலிருந்து விலகியிருக்கும் அளவு, புழக்கத்தில் பட்ட வெட்டு, கீறல், அரிப்புப் புள்ளி ஆகியவையே ஒரு தனிக் காசின் அடையாளங்கள். பழைய படத்தில் இருக்கும் கீறல் இன்று காணாமல் போயிருந்தால் ஐயப்படுங்கள்; படத்தில் இல்லாத கீறல் இன்று இருந்தால், அது பிறகு விழுந்ததாக இருக்கலாம்.

1793ஆம் ஆண்டுச் சென்ட்டுகளுக்கு 1869இலேயே லெவிக் என்பவரின் முயற்சியால் ஒளிப்படப் பக்கம் வெளிவந்திருப்பது நமக்குக் கிடைத்த பேறு. படமில்லாத அட்டவணைகளில் ‘நல்ல நிலை, பழுப்பு நிறம்’ என்ற ஒரு வரி எத்தனையோ காசுகளுக்குப் பொருந்தும் என்பதால், அதை மட்டும் வைத்து எழுதிய வரலாற்றை நான் ஏற்பதில்லை. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நியூமன் நாணயவியல் தளத்தில் பழைய அட்டவணைகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம்.

கேள்வி: குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதையை எவ்வளவு நம்பலாம்?

பதில்: காசு உண்மையாகவும் கதை பிழையாகவும் இருக்கக்கூடும். 1964இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் செயின்ட் ஆஸ்வால்ட் பிரபுவின் காசுகள் விற்பனைக்கு வந்தன. புழக்கமே காணாத 1794ஆம் ஆண்டுச் சென்ட்டுகள் அவற்றில் இருந்தன. அந்தக் குடும்பத்து மூதாதை ஒருவர் அமெரிக்கா சென்று அவற்றைக் கொண்டுவந்தார் என்று நெடுநாள் எழுதிவந்தார்கள். 1794, 1795ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பயணம் செய்த யார்க்‌ஷயரைச் சேர்ந்த வில்லியம் ஸ்டிரிக்லாண்டே அவற்றைக் கொண்டுவந்தவர் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

கேள்வி: எனக்கு ஒருவர் 1793ஆம் ஆண்டுச் சென்ட்டையும் 1799ஆம் ஆண்டுச் சென்ட்டையும் விற்க முன்வருகிறார். முதலில் எதைச் சோதிப்பது?

பதில்: எடையைச் சோதியுங்கள். 1793இன் சென்ட்டுக்குச் சட்டம் விதித்த எடை 208 கிரெயின், அதாவது ஏறத்தாழ 13.48 கிராம், 1795இன் இறுதியில் அது 168 கிரெயினாக, ஏறத்தாழ 10.89 கிராமாகக் குறைக்கப்பட்டது. தேய்மானத்தால் சற்றுக் குறையலாம், பெருமளவு மாறினால் விலகிவிடுங்கள். பிறகு விளிம்பைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மின்பகுப்பு முறையில் இரண்டு மெல்லிய ஓடுகளாக எடுத்து ஒட்டிய போலிப் படிகளில் விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடு தெரியும். 1799ஆம் ஆண்டுச் சென்ட்டில் பெரும்பாலும் நடக்கும் ஏமாற்று வேறு: 1798ஆம் ஆண்டுக் காசின் கடைசி எண்ணைச் செதுக்கி மாற்றிவிடுவார்கள். 1799க்கு அறியப்பட்ட முகப்பு அச்சுகள் இரண்டே. அவற்றோடு எழுத்துகளின் இடைவெளி பொருந்தவில்லை என்றால் ஆண்டு எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

கேள்வி: பச்சைப் படிவைத் தேய்த்து அகற்றலாமா?

பதில்: தேய்க்காதீர்கள். இயல்பான பழுப்புப் படலம் போய்விட்டால் திரும்ப வராது.

கேள்வி: காசோடு வந்த பழைய காகித உறைகளை வைத்திருக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் வைத்திருங்கள். ஏல எண் எழுதிய துண்டுச் சீட்டைக்கூட எறியாதீர்கள். உறையும் காசும் பிரிந்துவிட்டால் எது எதற்குரியது என்று சொல்ல முடியாது. ஆகவே இரண்டையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்து, எடையையும் வாங்கிய நாளையும் விற்றவரையும் குறித்து, உங்கள் ஊகத்தைத் தனி வரியில் ஊகம் என்றே எழுதிவையுங்கள்.