காபிள்: கூழாங்கல்லும் செருப்புத் தையலும் (கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, ஆங்கிலத்தில் தெருவில் பாவுகிற கல்லும் காபிள், பிய்ந்த செருப்பைத் தைப்பதும் காபிள். இரண்டுக்கும் வேர் ஒன்றா?

பதில்: இல்லை தம்பி. நம் 'ஆறு' எண்ணாகவும் நதியாகவும் இருக்கிறதே, அந்தக் கதைதான். கல்லின் பெயர் உருண்டை, கட்டி என்று பொருள்படும் 'காப்' என்பதிலிருந்து வந்தது என்கின்றன அகராதிகள்.

கேள்வி: அப்படியானால் செருப்புத் தைப்பவரைச் சொல்லும் காப்ளர்?

பதில்: அதற்கு இன்றுவரை உறுதியான வேர் கிடைக்கவில்லை. ஆனால் ஆளைக் குறிக்கும் காப்ளர்தான் முந்தியது, 14-ஆம் நூற்றாண்டுக் கவிதையிலேயே இருக்கிறது. அதன் வாலை வெட்டித்தான் காபிள் என்ற வினையை உண்டாக்கினார்கள், எடிட்டரிலிருந்து எடிட் வந்த மாதிரி.

கேள்வி: சார், செருப்பு செய்கிற எல்லாரும் காப்ளர்தானே?

பதில்: அந்தக் கால லண்டனில் இல்லை. புதுத் தோலில் புதுச் செருப்பு செய்பவர் கார்ட்வெயினர். ஸ்பெயினின் கோர்டோபா நகரத்துத் தோலால் வந்த பெயர் அது, லண்டனில் அவர்கள் சங்கத்துக்கு 1439-இல் அரச சாசனமே கிடைத்தது. பழசைத் தைத்துக் கொடுப்பவர் காப்ளர், அதனால் அந்தச் சொல்லுக்கு அரைகுறை வேலைக்காரன் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' முதல் காட்சியைப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம். அதிகாரி தொழிலைக் கேட்கிறார், இவர் காப்ளர் என்கிறார், கேட்டவருக்கு அது தொழிலா வசவா என்றே புரியாமல் மறுபடி கேட்க, 'கெட்ட சோல்களைச் சரிசெய்பவன்' என்கிறார். சோல் என்றால் செருப்பின் அடித்தோல், அதே ஒலியில் ஆன்மாவுக்கும் ஒரு 'சோல்' உண்டு, காதில் விழுவதோ அந்த ஆன்மா. இன்றைக்கும் ஆங்கிலப் பத்திரிகைகள், அவசரமாக ஒட்டவைத்த கூட்டணி ஆட்சியை 'காபிள்' செய்தது என்றுதான் எழுதுகின்றன.

கேள்வி: ஐரோப்பியத் தெருக்களில் செங்கல் வடிவத்தில் பதித்திருக்கிறார்களே, அதுவும் காபிளா?

பதில்: பேச்சில் அப்படித்தான் சொல்கிறார்கள், பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயப் பாதை உட்பட. ஆனால் குவாரியில் வெட்டிச் செதுக்கிய கல்லுக்குப் பெயர் செட். காபிள் என்பது ஆற்றிலோ கடலிலோ உருண்டு தானாக வழுவழுப்பானது. நிலவியலில் 64 முதல் 256 மில்லிமீட்டர் வரை உள்ளதே காபிள், 1922-இல் வென்ட்வர்த் என்ற நிலவியலாளர் வகுத்த அளவு. அதைவிடச் சிறியது பெபிள், பெரியது போல்டர்.

கேள்வி: அப்புறம், பழக் காப்ளர் என்று ஒரு பலகாரம் இருக்கிறதே?

பதில்: அது 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சமையல். பழத்தின் மேல் மாவை உருண்டை உருண்டையாக வைத்து வேகவைப்பதால் கல் பாவிய தெரு போல இருக்கும், அதனால் அந்தப் பெயர் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் இல்லை.