கையால் இயக்கினால் ஓடுகிறது, சேவையாக நின்றுவிடுகிறது

கேள்வி: லினக்ஸ் கணினியில் என் சர்வர் நிரலை 'நோஹப்' கட்டளை கொடுத்துப் பின்னணியில் ஓடவிட்டிருந்தேன். மின்தடைக்குப் பின் கணினி தானே இயங்கத் தொடங்கியது, நிரல் தொடங்கவில்லை. பிறகு அதை சிஸ்டம்டி சேவையாக மாற்றினேன். கையால் இயக்கினால் நன்றாக ஓடும் அதே நிரல், சேவையாக உடனே நின்றுவிடுகிறது. காரணம் என்ன?

பதில்: டெர்மினலை மூடும்போது நிரலும் நின்றுவிடாமல் காப்பதோடு நோஹப்பின் வேலை முடிந்தது. கணினி தொடங்கும்போதே சேவைகளையும் தொடங்கிவைப்பது, கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முதலில் இயக்கும் 1ஆம் எண் பிராசஸின், அதாவது ஓடும் நிரலின், பொறுப்பு. 2010இல் வெளிவந்த சிஸ்டம்டிதான் இன்று டெபியன், உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றில் அந்த இடத்தில் இருக்கிறது. ஆகவே நீங்கள் சேவைக்கு மாறியது சரியான முடிவே.

'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் உங்கள் சேவையின் பெயரைக் கொடுத்து அதன் பதிவுகளை முதலில் படியுங்கள். 'கோப்பு இல்லை' என்ற பிழை அங்கே இருந்தால், நிரல் தன் அமைப்புக் கோப்பை முழுப் பாதை இல்லாமல் தேடுவது காரணமாக இருக்கலாம். நீங்கள் கையால் இயக்கும்போது நிரல் இருக்கும் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு இயக்குகிறீர்கள். சிஸ்டம்டியோ, வேறு எதுவும் சொல்லப்படாதவரை, ரூட் ஃபோல்டரில் ('/') நின்று இயக்குகிறது, உங்கள் ஷெல்லில் (டெர்மினலில் கட்டளைகளை ஏற்கும் நிரலில்) நீங்கள் அமைத்துவைத்த சூழல் மாறிகளையும் (நிரல்கள் படிக்கும் அமைப்பு மதிப்புகளையும்) அது படிப்பதில்லை. சேவையை எப்படி இயக்குவது என்று எழுதிவைக்கும் யூனிட் கோப்பில் 'ஒர்க்கிங் டைரக்டரி' வரியில் நிரலின் ஃபோல்டரைக் குறித்து, தேவையான மாறிகளை 'என்விரான்மென்ட்' வரியில் எழுதுங்கள்.

பிழையே பதிவாகாமல் நின்றிருந்தால், நிரல் தானாகவே பின்னணிக்குச் செல்லும் வகையைச் சேர்ந்ததா என்று பாருங்கள். 'சிம்பிள்' வகைச் சேவையில் முதன்மைப் பிராசஸ் முடிந்ததுமே சேவை முடிந்ததாக சிஸ்டம்டி கருதி, அது பெற்றெடுத்த பிராசஸ்களையும் நிறுத்திவிடும். பின்னணிக்கு அனுப்பும் வேலையை சிஸ்டம்டியிடமே விட்டுவிட்டு, நிரலை முன்னணியிலேயே ஓடும்படி அமையுங்கள்.

'ரீஸ்டார்ட்' வரியில் 'ஆன்-ஃபெயிலியர்' என்று எழுதுவதும் நல்லதே; நிரல் பிழையால் நின்றால் சிஸ்டம்டி அதை மீண்டும் தொடங்கும். ஆனால் மீண்டும் தொடங்குமுன் விடும் இயல்பான இடைவெளி 100 மில்லிநொடி மட்டுமே. 10 நொடிக்குள் 5 முறை தொடங்கியும் நிரல் விழுந்தால் சிஸ்டம்டி முயற்சியைக் கைவிட்டுவிடும். இந்த இடைவெளியைக் குறிக்கும் 'ரீஸ்டார்ட்செக்' மதிப்பை 5 நொடியாக வைத்தால், டேட்டாபேஸ் தாமதமாகத் தொடங்கும் நாளிலும் உங்கள் நிரல் காத்திருந்து இணைந்துகொள்ளும்.

தயவுசெய்து நிரலை முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக ஓடவிடாதீர்கள்; அதற்கென்றே தனிப் பயனரை உருவாக்குங்கள். யூனிட் கோப்பைத் திருத்தியபின், சிஸ்டம்டி அதை மீண்டும் படிக்க 'டீமன்-ரீலோட்' கட்டளையைக் கொடுங்கள். 'ஸ்டார்ட்' இப்போதைக்கு மட்டுமே இயக்கும், அடுத்த முறை கணினி தொடங்கும்போதும் இயங்க 'எனேபிள்' தேவை. எல்லாம் முடிந்தபின், அடுத்த மின்தடைக்குக் காத்திராமல், நீங்களே ஒருமுறை கணினியை மறுதொடக்கம் செய்து சரிபாருங்கள்.