பெயின்ட் உரிந்தால் கடைக்காரரிடம் போகாதீர்கள், கதவுக்கு அடியில் பாருங்கள்

கேள்வி: போன வருஷம் ஆவணியில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினோமுங்க. வாசல் கதவு, வாசக்கால் எல்லாம் வேப்பமரம். ஆடி மாசத்தில் பிரைமர், மக்கு (பள்ளம் அடைக்கும் பூச்சு), அப்புறம் இரண்டு கோட்டு எனாமல் அடித்தார்கள். இப்போது கதவின் அடியில் ஒரு முழ உயரத்துக்குத் தோல் தோலாக உரிகிறது. பெயின்டர் சரக்கு சரியில்லை என்கிறார், கடைக்காரர் அடித்த ஆள் சரியில்லை என்கிறார். யார் சொல்வதை நம்ப?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: இரண்டு பேரையும் விடுங்கள். உரிந்த செதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பிரைமரும் சேர்ந்தே கழன்று, கதவில் வெறும் மரம் தெரிந்தால் பெரும்பாலும் ஈரத்தின் வேலை. பிரைமர் மரத்திலேயே இருந்து மேல் கோட்டு மட்டும் வந்திருந்தால், நடுவில் உப்புத்தாள் போடாமலோ தூசி துடைக்காமலோ அடித்திருக்கலாம், அப்போது தாராளமாகப் பெயின்டரிடம் சண்டைக்குப் போகலாம். கொப்புளம் இருந்தால் பிளேடால் கீறுங்கள். உள்ளே மரம் தெரிந்தால் ஈரம், பழைய கோட்டு தெரிந்தால் உச்சி வெயிலில் சூடேறிய பலகை மேல் அடித்திருக்கிறார்கள்.

உங்கள் கதவில் அடிப்பக்கம் மட்டும் உரிகிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துக் கதவின் அடி விளிம்பைப் பாருங்கள், அங்கே பெயின்டே இருக்காது என்று நினைக்கிறேன். கதவை மாட்டிய பிறகு அடித்தால் பிரஷ் அங்கே போகாது, யாரும் குனிந்து பார்க்கப் போவதும் இல்லை. ஆனால் நின்ற சட்டங்களின் வெட்டுமுனை இருப்பது அங்கேதான். மரம் வேரிலிருந்து நீரை மேலே கொண்டுபோன குழாய்கள் வாய் திறந்து கிடக்கிற இடம் அது, பலகையின் முகம் குடிப்பதைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும். விடிந்தால் வாசல் தெளிக்கிறோம், வீட்டுக்குள் தினமும் மாப் போடுகிறோம், பண்டிகை வந்தால் குடம் குடமாக ஊற்றிக் கழுவிவிடுகிறோம். அத்தனையும் அந்த விளிம்பு வழியாக ஏறி, பெயின்ட்டுக்குப் பின்னால் போய் நிற்கிறது.

ஈரம் ஏறினால் மரம் அகலத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், நீளத்தில் மாற்றம் இல்லை என்றே சொல்லலாம். மரத்தில் ஈரம் சுமார் 30 சதவீதத்தை எட்டும் வரை இந்த உப்பல் நடக்கும். புது எனாமல் கொஞ்சம் இழுபடும், வருஷம் போகப் போக விறைத்துப்போய் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்காது. போதாததற்கு எனாமல் நீராவியை எளிதில் வெளியே விடாது. வெயில் பட்டதும் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி தேடி, படலத்தை மரத்திலிருந்து தள்ளிவிடுகிறது. விலை உயர்ந்த பெயின்ட் வாங்கியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

இன்னொன்று, நீங்கள் அடித்த மாசம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு உங்கள் பக்கம் சாரல் வரும், மரம் ஏற்கெனவே ஈரத்தை வாங்கி வைத்திருக்கும், அதை மூடி அடித்துவிட்டீர்கள். ஆவணி முகூர்த்தத்துக்காக ஆடியில் பெயின்ட் அடித்து முடிக்கிற அவசரம் நம் ஊரில் எத்தனை கதவுகளைக் கெடுத்திருக்கிறதோ! வெளிக்கதவுக்கு மரத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஈரம் அளக்கும் மீட்டர் இல்லையா, அதே மரத்தின் துண்டு ஒன்றைக் கதவு இருக்கும் இடத்திலேயே நனையாமல் வைத்து, சில நாளுக்கு ஒருமுறை துல்லியமான தராசில் எடை போடுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் மரம் இன்னும் காய்கிறது, எடை நின்ற பிறகு அடிக்கலாம். அதற்காகச் சீவிய மரத்தை வெயிலிலும் மழையிலும் வாரக்கணக்கில் போட்டுவைக்காதீர்கள், மேல்தோல் நைந்து பெயின்ட் பிடிக்காது. நிழலில் காயட்டும்.

இனிச் செய்ய வேண்டியது: மாசி, பங்குனி வரை பொறுங்கள். கதவைக் கீலிலிருந்து கழற்றி, ஒட்டாத பெயின்ட்டை எல்லாம் சுரண்டிவிட்டு, சில வாரம் நிழலில் காயவிடுங்கள். அப்புறம் அடி விளிம்புக்கும் மேல் விளிம்புக்கும் இரண்டு கோட்டு பிரைமர், மேலே எனாமல். மக்கு எண்ணெய் மக்காக இருக்கட்டும், சுவருக்குப் பூசும் சிமென்ட் பட்டியைக் கதவில் வைக்கவே கூடாது. வாசக்காலின் கால் தரைக்குள் புதைந்திருந்தால் அங்கே ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் மரத்தூணைத் தரையில் நடாமல் கல் மேல் நிறுத்தியது இதனால்தான். அடுத்து வீடு கட்டுகிற சொந்தக்காரர்களிடமாவது, சுவரைத் தொடும் பக்கத்துக்கும் பிரைமர் அடித்துவிட்டு வாசக்காலை நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: அலமாரிக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் ஸ்ப்ரே அடித்தோம். மறுநாள் பார்த்தால் பால் ஊற்றியது போல் வெளுத்துக் கிடக்கிறது. மழை விடவே இல்லை.
- வாசகி, வால்பாறை

பதில்: மழை விடாததுதான் காரணம், அம்மா. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பலகையின் மேற்பரப்பு குளிர்ந்துபோகும், காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படிந்து லேக்கருக்குள் மாட்டிக்கொள்ளும். காய்ந்த நாளாகப் பார்த்து, ஆவியாக நேரம் எடுக்கும் ரிட்டார்டர் தின்னரை மெல்லிசாக அடிக்கச் சொல்லுங்கள், லேக்கர் இளகி ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும். சீக்கிரம் காயட்டும் என்று அறையில் அடுப்போ கரியோ வைத்துவிடாதீர்கள், தின்னர் ஆவி குப்பென்று பற்றிக்கொள்ளும்.

கேள்வி: தேக்குக்கு ஈரம் ஏறாது என்றுதானே சொல்கிறார்கள்? எங்கள் தேக்குக் கதவு ஐப்பசி வந்தால் இறுகிக்கொள்கிறது. இழைத்துவிடலாமா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தேக்குக்கும் ஏறும், மற்ற பல மரங்களைவிடக் குறைவாக உப்பும், அவ்வளவுதான். பலகைகளைச் சேர்த்து ஒட்டிய மூன்றடிக் கதவு ஒரு சதவீதம் உப்பினாலே 9 மில்லிமீட்டர் அகலம் கூடிவிடும். இப்போது இழைத்தால் சித்திரையில் இடுக்கு வழியே பல்லி வரும். தை வரை விட்டுப் பாருங்கள். அப்போதும் உரசினால் உரசும் இடத்தை மட்டும் ஆசாரியை விட்டுச் சீவி, சீவிய விளிம்புக்கு அன்றைக்கே பாலிஷோ பெயின்டோ ஏற்றிவிடுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை இருக்கும், முதலில் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டு அடித்தால் நன்றாகப் பிடிக்கும்.