சாதாரண விவசாயியாக இருந்த கொள்ளுத் தாத்தாவின் கல்யாணத்தைப் பற்றிப் பழைய ஆவணங்களில் ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் கல்யாணச் சான்று என்று தேடிப் போனால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். தமிழ்நாட்டில் எல்லாக் கல்யாணத்தையும் பதிந்தே ஆக வேண்டும் என்ற சட்டம் 2009-இல்தான் வந்தது. அதற்கு முன்னால், தேவாலயத்தில் தாலி கட்டியவர்களுக்குக் கோயில் பதிவேடு உண்டு. பள்ளிவாசலில் நிக்காஹ் புத்தகம் உண்டு. எங்களைப் போன்ற குடியானவர் வீட்டில் பந்தல் பிரித்ததோடு சரி. ஆகவே நான் கல்யாணத்தை விட்டுவிட்டு, கல்யாணத்தில் கைமாறிய காசைத் தேடினேன். காசு என்று வந்துவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாத குடும்பம்கூட யாரையாவது கூப்பிட்டு எழுதி வைத்துவிடும்.

எங்கள் ஊர் கீரனூர்ப் பக்கம். இப்போது புதுக்கோட்டை மாவட்டம், அப்போது புதுக்கோட்டை சமஸ்தானம், குளத்தூர் தாலுகா. அப்பாவின் தாத்தாவுக்கு மானாவாரியில் கடலையும் கொஞ்சம் சோளமும். பத்திரங்களில் எல்லாம் கைநாட்டு. பழைய வீட்டைப் பிரித்தபோது பரணிலிருந்து ஒரு ஓலைப் பெட்டி இறங்கியது. உள்ளே ஒரு மஞ்சள் பை. பைக்குள் நீளவாக்கில் தைத்த ஒரு நோட்டு, இரண்டு அம்மன் காசு. சமஸ்தானத்தின் சொந்தச் செப்புக்காசு அது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. ஒரு ரூபாய்க்கு 320 காசு என்றால் அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன் கீழே ‘தாது ௵ வைகாசி ௴ ௨௰௧ ௳ புதன்கிழமை கலியாண மொய் வரவு’. ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி. அந்த ௨௰௧ 21 என்று புரியவே எனக்கு ஒரு நாள் ஆனது. நடுவில் இருப்பது பத்து என்று தெரியாமல் இரண்டு, ஏதோ ஒரு எழுத்து, ஒன்று என்று படித்துக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெயர் வர வேண்டிய இடத்திலெல்லாம் பாம்பு சுருண்ட மாதிரி ஒரு குறி வேறு. அது ௸, அதாவது மேற்படி. இது தெரியாமல் பழைய நோட்டையோ பத்திரத்தையோ திறக்காதீர்கள்.

இங்கே ஒரு கூத்தும் நடந்தது. சித்தப்பா மகன் கைப்பேசிச் செயலி ஒன்றில் குடும்ப மரம் போட்டு வைத்திருக்கிறான். தாது வருஷம் என்று கேட்டதும் தாது வருஷப் பஞ்சம்தானே என்று கல்யாண வருடத்தை 1876 என்று ஏற்றிவிட்டான். அந்தக் கணக்குப்படி என் தாத்தா பிறந்தபோது அவருடைய அப்பாவுக்குத் தொண்ணூறு வயது. தமிழ் வருஷப் பெயர் 60 வருடத்துக்கு ஒரு முறை திரும்ப வரும் என்பதால், கிழமை எழுதியிருந்தால் அதை விடாதீர்கள். 1936-இல் வைகாசி 21 ஜூன் 3, புதன்கிழமை. 1876-இல் அந்தத் தேதி புதன்கிழமையில் விழவில்லை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள், எங்களுக்குப் புதன் கிடைத்தது.

மொய்ப் பட்டியலில் முதல் வரி தாய்மாமன், ஐந்து ரூபாயும் வேட்டி துண்டும். அப்புறம் எட்டணா, நாலணா, இரண்டணா என்று இறங்கிக்கொண்டே போகிறது. பெயரும் ஊரும் தொகையும் இருப்பதால் நம் ஆட்கள் எந்தெந்த ஊரோடு கொண்டான் கொடுத்தான் வைத்திருந்தார்கள் என்பது ஒரே பார்வையில் தெரியும். பல வரிகளில் குறுக்குக் கோடு. அந்த வீட்டு விசேஷத்துக்குத் திரும்பச் செய்தாயிற்று என்று அர்த்தம். கோடு விழாத வரிகளைப் பார்த்து அப்பா, “இன்னும் பதினேழு வீட்டுக்குக் கடன்பட்டிருக்கோம்டா” என்றார்.

சரி, கல்யாணம் 1936. அடுத்த சிக்கல் தாத்தாவின் பள்ளிச் சான்றிதழ். பிறந்த வருடம் 1947. ஜூன் மாதத் தேதி வாத்தியார் போட்டதாக இருக்கலாம், வருடம் பத்துப் பதினொன்று தள்ளிப் போகாது. வீட்டில் இதற்கு ஒரு கதை தயாராக இருந்தது: பத்து வருஷம் பிள்ளை இல்லை, விராலிமலைக்கு நடந்தே போய் வேண்டிக்கொண்டார்கள், முருகன் கொடுத்தான். ஆனால் பூட்டி, அதாவது கொள்ளுத் தாத்தாவின் மனைவி, 1998-இல் இறந்தபோது வாங்கிய சான்றில் வயது 70. அப்படியானால் கல்யாணத்தன்று எட்டு வயது. குழந்தைக் கல்யாணம் சகஜம்தானே என்றார்கள். பதினாலு வயது வரம்பு வைத்த 1929-ஆம் வருடச் சட்டமும் பிரிட்டிஷ் இந்தியாவுக்குத்தான், சமஸ்தானத்தை அது கட்டுப்படுத்தாது. ஆக அதுவும் நடந்திருக்கக்கூடியதுதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

நோட்டைப் பின்பக்கத்திலிருந்து திருப்பியது அதற்கு ஆறு மாதம் கழித்துத்தான். சோம்பல். பின்பக்கம் வீட்டுச் செலவுக் கணக்கு. உழவு மாடு, கிணறு தூர் வாரியது, வண்டிச் சக்கரம். நடுவில் ‘சுபானு ௵ கருமாதிச் செலவு’ என்று ஒரு பக்கம். அரிசி, பருப்பு, வண்ணான், நாவிதர், அதற்கடுத்து ‘பிறந்த வீட்டுக் கோடி வந்தது’. கோடி என்பது செத்தவருக்குப் போர்த்தக் கொண்டுவரும் புதுத் துணி. அந்தக் கோடி எந்த ஊரிலிருந்து வந்தது என்றும் எழுதியிருந்தது. சுபானு என்றால் 1943-44. பிறந்த வீட்டுக் கோடி என்றால் செத்தது அந்த வீட்டுக்கு வாழ வந்த ஒரு பெண். கொள்ளுத் தாத்தாவின் அம்மாவாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கோடி வந்த ஊர் அந்த அம்மா பிறந்த ஊர் இல்லை, எங்கள் பூட்டி பிறந்த ஊர். இரண்டு பக்கம் தள்ளி, ‘பார்த்திப ௵ ஆவணி, திருமாங்கலியத்துக்குப் பொன் அரைப் பவுன்’. அது 1945. மொய் எழுதவில்லை, பந்தல் செலவும் இல்லை. தாலிக்குப் பொன் மட்டும்.

இதற்கு மேல் ஊகம் வேண்டாம் என்று பத்திரத்துக்குப் போனேன். பூட்டி பெயரில் இருந்த நஞ்சையைக் குடும்பம் பிறகு விற்றுவிட்டது. அந்தக் கிரையப் பத்திரத்தில், ‘1951-இல் அவர் தகப்பனார் எழுதிக்கொடுத்த தான செட்டில்மெண்ட் மூலம் பாத்தியப்பட்டது’ என்று ஆவண எண்ணோடு ஒரு வரி இருந்தது. விற்ற நிலம்தானே என்று பழைய கிரைய நகல்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு பத்திரமும் தனக்கு முந்தைய பத்திரத்தின் முகவரியைச் சொல்லும்.

அதில் ‘திருச்சிராப்பள்ளி ஜில்லா’ என்று இருந்ததால் நான் பஸ் ஏறித் திருச்சிக்குப் போய் ஒரு நாளை வீணாக்கினேன். தப்பு என்னுடையதுதான். 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபின் 1974 வரை எங்கள் ஊர் திருச்சி ஜில்லாவில் இருந்தது. ஆனால் பதிவுப் புத்தகம் ஜில்லாவோடு இடம் மாறுவதில்லை, கிராமத்துக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் கிடக்கும். அசையாச் சொத்து ஆவணங்கள் ஏறுவது 1 புத்தகத்தில். கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம், வாரிசு என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஆவண எண் தெரியாவிட்டால் எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் பெயர்ப்படி ஒரு அட்டவணை இருக்கிறது, அதில் தேடச் சொல்லலாம். பெயரை நாலு விதமாக எழுதிக் கொடுங்கள். எழுத்தர் காதில் விழுந்தபடிதான் எழுதியிருப்பார்.

நகல் வந்தது. மூன்று பக்கம். எல்லை விவரங்களுக்கு முன்னால், இளைய மகளைப் பார்த்து அப்பா சொல்வது போல ஒரே வாக்கியம்: ‘என் மூத்த குமாரத்தி காலஞ்சென்றுபோய், மேற்படியாளின் புருஷனுக்கே என் இளைய குமாரத்தியாகிய உன்னை வாழ்க்கைப்படுத்திக் கொடுத்திருக்கிறபடியால்’. மூத்த குமாரத்தியின் பெயரும் அங்கே இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் ஒருமுறைகூடச் சொல்லிக் கேட்டிராத பெயர். 1936-இல் அத்தனை பேர் மொய் செய்தது அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு. பூட்டி அவளுடைய தங்கை.

அவள் இறந்த பதிவையும் தேடினேன். அந்த வருடங்களின் கிராமப் பதிவேடு கிடைக்கவில்லை. கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பரம்பரைப் பதவிகளை 1980-இல் ஒழித்தபோது பல ஊர்களில் காகிதங்கள் எங்கெங்கோ போயின என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஒரு வேடிக்கை பாருங்கள். 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலியாகப் போனவர்களுக்குப் பெயர், தகப்பன் பெயர், வயது, கிராமம் எல்லாம் பட்டியலில் இருக்கிறது. உங்கள் முன்னோர் அப்படிக் கடல் கடந்தவர் என்றால் முதலில் அங்கே தேடுங்கள். ஊரை விட்டு நகராதவர்களுக்குத்தான் இந்தக் கஷ்டம்.

எங்கள் வீட்டில் ஆடி வெள்ளி ஒன்றில் வீட்டுச் சாமிக்கு என்று ஒரு புதுச் சேலை வைத்துக் கும்பிடுவோம். மஞ்சள், குங்குமம், வளையல், பூ. பிறகு அந்தச் சேலையை வீட்டுப் பெண்களில் ஒருவர் உடுத்திக்கொள்வார். எந்தச் சாமி என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், “கும்பிடுடா பேசாம” என்பதுதான் பதில். நகலை எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் அத்தையிடம் அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டினேன். பூட்டி பெற்றவர்களில் இப்போது இருப்பது அவர் ஒருவர்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “ஆத்தா சேலையை எடுத்து வைக்கும்போது ‘அக்கா வா’ம்பா. நான் சாமியைத்தான் அக்காங்குதுன்னு நெனச்சேன்” என்றார்.