உழ உழப் பெருகும் கோரை

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் சின்ன வெங்காயம் போடுகிறோம். ஒவ்வொரு போகத்துக்கும் ரோட்டவேட்டர் (சுழல்கலப்பை) ஓட்டி, இரண்டு முறை கைக்களையும் எடுக்கிறோம். கோரைக் களை ஆண்டுக்காண்டு கூடுகிறதே, ஏன்?

பதில்: ரோட்டவேட்டர்தான் முதல் காரணம். கோரை விதையால் பரவுவது மிகக் குறைவு, பரவுவது கிழங்கால்தான். மண்ணுக்குள் கிழங்குகள் மெல்லிய தண்டால் மாலைபோல் கோத்துக் கிடக்கும். நுனிக்கிழங்கு முளைத்து நிற்கும்வரை பின்னுள்ளவை பெரும்பாலும் உறங்கும். ரோட்டவேட்டர் கத்தி மாலையை அறுத்ததும் ஒவ்வொன்றும் தனியே முளைக்கும். ஈரமண்ணில் ஓட்டினால், கோரையை நீங்களே நட்டதற்குச் சமம். கலப்பையில் ஒட்டிய மண்ணோடு பக்கத்து வயலுக்கும் போகும். வாடகை டிராக்டர் வந்தால் வரப்பிலேயே மண்ணைச் சுரண்டிவிடச் சொல்லுங்கள்.

கைக்களையில் தழை மட்டும் ஒடிந்து வரும், கிழங்கு தங்கிவிடும். முளைத்த மூன்று, நான்கு வாரத்தில் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும். எனவே களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள்.

கோரைக்கு ஆகாதவை இரண்டு: மண் காய்வது, நிழல். கிழங்குகளில் பெரும்பகுதி மேல்மண்ணில் 15 செ.மீ.க்குள் இருக்கும். சித்திரையில், மண் காய்ந்திருக்கும்போது, சட்டிக் கலப்பையால் 20 செ.மீ. ஆழம் புரட்டிக் கட்டிகளை உடைக்காமல் விடுங்கள். இரண்டு வாரம் வெயில் குடித்தபின் மறுபடி புரட்டுங்கள். இடையில் மழை பெய்து முளைவிட்டால், புதுக் கிழங்கு கட்டுமுன் மீண்டும் உழுதாக வேண்டும். இந்த ஒரு உழவைத் தவறவிட்டால் கோடையில் பட்ட பாடெல்லாம் வீண்.

வெங்காயத்தாள் நிழல் தராது. அதனால்தான் கோரை உங்கள் வயலில் இவ்வளவு தைரியமாக நிற்கிறது. ஒரு போகம் வெங்காயத்தை விட்டு, நிழலுக்காக, ஏக்கருக்கு 20 கிலோ சணப்பை (பசுந்தாள் உரப்பயிர்) நெருக்கி விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். பிளாஸ்டிக் மூடாக்கை நம்ப வேண்டாம். கோரை முளை ஊசிபோல் குத்திக்கொண்டு வெளியே வரும். கரும்பு, மக்காச்சோளத்தில் கோரைக்குப் பயன்படும் ஹாலோசல்பியூரான் களைக்கொல்லியை வெங்காயத்தில் தெளிக்கவே கூடாது.

ஒரே கோடையில் ஒழியாது. இரண்டு, மூன்று ஆண்டு விடாமல் செய்யுங்கள்.

கேள்வி: பிடுங்கிய பார்த்தீனியத்தை எருக்குழியில் போடலாமா?

பதில்: பூக்காத செடியென்றால் தாராளமாக. பூத்ததைப் போடாதீர்கள். ஒரு செடியிலேயே ஆயிரக்கணக்கில் விதை உண்டு. குழியின் ஓரங்கள் போதிய அளவு சூடாவதில்லை. தப்பிய விதை எருவோடு வயலுக்கே திரும்பும். தோலில் அரிப்பு வரும், கையுறையோடு பிடுங்குங்கள்.