லிப்ரிவாக்ஸும் அதை நடத்தியவரின் பிழைப்பும்: கேள்வி பதில்

மான்ட்ரியால் நகர எழுத்தாளரும் இணைய நிரலாளருமான ஹியூ மெக்வையர் 2005 ஆகஸ்டில் தொடங்கிய லிப்ரிவாக்ஸ், பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவுசெய்து இலவசமாக வெளியிடும் திட்டமாகும். அதைப் பற்றியும், அத்தகைய பணியையே தொழிலாக்கிக்கொள்வது பற்றியும் வந்த கேள்விகளுக்கு விடையளிக்கிறேன்.

கல்லூரி மாணவி ஒருவர்: ஐயா, முதலீடோ அலுவலகமோ இல்லாமல் இவ்வளவு பெரிய திட்டம் எப்படி உருவானது?

சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக் தம் நூலொன்றை, பிறரும் இலவசமாகப் பகிர்ந்துகொள்ள இடம்தரும் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டபோது, வலைப்பதிவர்கள் சிலர் ஆளுக்கோர் அத்தியாயமாக அதை வாசித்து ஒலிக்கோப்புகளாக்கினார்கள். பழைய நூல்களுக்கும் இதையே செய்யலாமே என்று மெக்வையர் அழைப்பு விடுத்தார். ஜோசப் கான்ராடின் 'தி சீக்ரெட் ஏஜென்ட்' முதல் நூலாயிற்று. பெரும்பாலான நூல்களின் எழுத்துவடிவம், பழைய நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் ப்ராஜக்ட் குடன்பர்க்கில் ஏற்கெனவே இருந்தது, முடிந்த ஒலிக்கோப்புகளைச் சேமிக்க இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகம் இடம் தந்தது. ஆகவே ஆட்களை ஒருங்கிணைக்கும் வேலை ஒன்றுதான் புதிதாகச் செய்யவேண்டியதாக எஞ்சியது. இன்று அங்கே 20,000க்கும் மேற்பட்ட ஒலிநூல்கள் உள்ளன.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்: சில பதிவுகளைக் கேட்கவே முடியவில்லை. வாசிப்பவரைச் சோதித்துச் சேர்த்தால் என்ன?

சோதனை உண்டு. புதியவர் ஒரு நிமிடப் பதிவை அனுப்பவேண்டும். ஆனால் ஒலிவாங்கியும் கோப்பின் அமைப்பும் சரியாக உள்ளனவா என்பதை மட்டுமே அதில் பார்ப்பார்கள். பிறகு பதிவாகும் ஒவ்வோர் அத்தியாயத்தையும் இன்னொருவர் முழுவதும் கேட்டு, இன்ன நிமிடத்தில் ஒரு வாக்கியம் இருமுறை வந்துள்ளது, இன்ன இடத்தில் இடைவெளி நீள்கிறது, கடைசியில் ஐந்து விநாடி மௌனம் விடப்படவில்லை என்று குறிப்பெழுதுவார். உச்சரிப்போ உணர்ச்சியோ போதாது என்று வழக்கமாக எழுதமாட்டார். இது அலட்சியத்தால் வந்ததன்று, திட்டமிட்டு வகுத்த விதி. தரம்பார்க்கும் பொறுப்பை ஒரு குழுவிடம் ஒப்படைத்திருந்தால், அந்தக் குழுவின் வேகமே திட்டத்தின் வேகமாகியிருக்கும், வந்தவர்களில் பாதிப்பேர் முதல் மறுப்போடு விலகியிருப்பார்கள். விலை இல்லாமல் இல்லை. தாங்கள் சொல்வதுபோல் மோசமான பதிவுகளும் தங்கிவிடுகின்றன. ஒரே நூலை வேறொருவர் மறுபடி வாசிக்கத் தடையில்லை என்பதுதான் அதற்கு அவர்கள் கண்ட மாற்று.

மென்பொருள் பொறியாளர் ஒருவர்: இதில் சம்பளம் எங்கிருந்து வரும்? வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா?

லிப்ரிவாக்ஸை நம்பி வேலையை விடவேண்டாம். அங்கே விளம்பரம் இல்லை, வாசிப்பவருக்கு ஊதியமும் இல்லை. தொடங்கியவர் அதற்குப் புறத்தேதான் தொழில்களை அமைத்துக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். ஒரு பனுவலைச் சிறுசிறு துண்டுகளாக்கிப் பலரிடம் திருத்தக் கொடுக்கும் 'புக் அவன்' என்ற முயற்சியில் ஈடுபட்டார், அது நிலைக்கவில்லை. விற்பனைக்கான ஒலிநூல்களைத் தயாரித்து, வாசித்தவர்களுக்கும் வருவாயில் பங்கு தரும் 'ஐயாம்பிக்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வலைத்தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மேல் எழுப்பப்பட்ட நூலாக்க மென்பொருளான பிரஸ்புக்ஸ் 2011இல் வந்தது, அதுவே ஊன்றி நின்றது. அதன் நிரல் கட்டற்றது, யாரும் எடுத்துத் தம் வழங்கியில் (சர்வரில்) நிறுவிக்கொள்ளலாம். ஆனால் பல்கலைக்கழகங்கள் பலவும் வழங்கியைப் பராமரிக்கும் தொல்லையைத் தாங்களே சுமப்பதைவிட, கட்டணம் செலுத்தி அந்நிறுவனத்திடமே விட்டுவிடுகின்றன. பாடநூல்களை இலவசமாகப் பகிரும் கட்டற்ற பாடநூல் இயக்கம் வளர வளர இந்த வருவாயும் வளர்ந்தது. பண்பாட்டுப் பணியை விற்காமல், அதில் கைவந்த திறமையை விற்பது என்ற இந்தப் பிரிவினையை நான் பெரிதும் மதிக்கிறேன். பகல் வேலையை வைத்துக்கொண்டு மாலையில் ஒரு நூலின் ஒருங்கிணைப்பாளராக இருந்து பாருங்கள். சம்பளம் இல்லாத முப்பது பேரைக் குறித்த நாளுக்குள் முடிக்கவைக்கும் பக்குவம் உங்களுக்கு இருக்கிறதா என்பது முதல் நூலிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு வாசகர்: லிப்ரிவாக்ஸ் பதிவுகளைக் குறுந்தகட்டில் விற்கிறார்களே, இது திருட்டல்லவா?

அல்ல. பதிவு முழுவதையும் எந்த உரிமையும் வைத்துக்கொள்ளாமல் பொதுவில் விட்டுவிடுகிறார்கள். விற்பவருக்கும் அந்த உரிமை உண்டு. இது உறுத்துமானால், வாசிப்பதற்கு முன்பே யோசித்துக்கொள்ளவேண்டும்.

நாடக நடிகை ஒருவர்: தமிழ் நூல்களை நான் வாசித்துத் தரலாமா?

தாராளமாகத் தரலாம், அங்கே மொழித்தடை இல்லை. நூலைத் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நூல் பொதுவாகிவிடும். லிப்ரிவாக்ஸ் பின்பற்றும் அமெரிக்கச் சட்டமோ பழைய நூல்களுக்குப் பெரும்பாலும் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகளைக் கணக்கிடுகிறது. ஆகவே, தமிழ்நாட்டரசு ஒருவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியதை மட்டும் வைத்து அங்கேயும் அவை விடுபட்டுவிட்டன என்று கொள்ள முடியாது. 1948இல் மறைந்த புதுமைப்பித்தன் 1930களின் நடுவில் எழுதியவற்றுக்கே இந்த ஐயம் எழும். அ. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' போன்ற 19ஆம் நூற்றாண்டு நாவலுக்கு இரண்டு கணக்குகளும் பொருந்திவிடும். நூலின் எழுத்துவடிவத்தை, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்திலோ (1998இல் தொடங்கியது) தமிழ் விக்கிமூலத்திலோ தேடுங்கள். முதற்பதிப்பின் ஆண்டு தெரியும் தலைப்புப் பக்கத்தின் படத்தையும் கையோடு எடுத்துவையுங்கள், ஒருங்கிணைப்பாளர் முதலில் கேட்பது அதைத்தான்.